ரெண்டு கேரியர்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. இது ரேடியோ அம்மா கதை.

ரேடியோ என்பது தெரு வைத்த பேர். பெண்களுக்கான பார்லர் நடத்தினாள். ஒரு சேதி அவள் காதில் விழுந்தால் போதும், நாற்காலியில் இருப்பவளின் தலை காய்வதற்குள் அது தெருக்கோடி போய்ச் சேர்ந்துவிடும்.

அவள் தம்பி லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவன். அவனுடைய மூன்று வயசுக் குட்டி எப்போதும் வெளுத்துப்போய், விளையாடக்கூடத் தெம்பில்லாமல் மடியிலேயே கிடக்கும். ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்துவிட்டு, தலசீமியா என்றார்கள். பிறவியிலேயே வருவது. ரத்தம் சரியாக ஊறாது, மாசா மாசம் ஏற்ற வேண்டும்.

"அநேகமா நீங்க ரெண்டு பேருமே கேரியர். நாளைக்கு வாங்க, அதையும் பாத்துடலாம்," என்றார் டாக்டர்.

மறுநாள் தம்பி ரெண்டு டிபன் கேரியரோடு போய் நின்றான். வீட்டில் இருந்தது ஒன்றுதான். இன்னொன்று அக்காவிடம் இரவல்.

"யாருக்குங்க சாப்பாடு?" என்றாள் நர்ஸ்.

"டாக்டர்தாங்க கேரியரைப் பாக்கணும்னாரு."

சிரித்து முடித்தபின் அவனுக்கும் பொண்டாட்டிக்கும் ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் சொன்னது சரிதான். கேரியர் என்றால் அவர்களே. கேட்டதிலிருந்து ரெண்டு பேருக்கும் ஏதோ பெரிய குற்றம் செய்துவிட்ட மாதிரி இருந்தது.

"இது யார் காதுக்கும் போகக் கூடாது. முக்கியமா உங்க அக்கா காதுக்கு," என்றாள் அவன் பொண்டாட்டி.

ஆனால் இரவல் கேரியரைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டுமே.

"ஏன்டா, போன மாதிரியே வந்திருக்கு. எதுக்குடா வாங்கிட்டுப் போன?" என்றாள் ரேடியோ.

அவனுக்குப் பொய் வராது, அழுகைதான் வந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். போனில் ஒருத்தன் பொடி விற்கிறானாம். ரத்தம் ஏற்றுவதை நிறுத்திவிட்டு அதைக் கொடுத்தால் நோய் வேரோடு போய்விடுமாம். வாங்கி வைத்தாயிற்று, இனி ஆஸ்பத்திரிக்குப் போவதாக இல்லை என்றான்.

அந்த வாரமே மளிகைக் கடைக்காரர் தம்பி பொண்டாட்டியிடம் குரலைத் தாழ்த்தினார். "கேள்விப்பட்டேம்மா. உங்க வீட்டுக்கா இப்படி வரணும். தைரியமா இருங்க."

தையல்காரம்மாவும் பார்த்துப் பார்த்து உச்சுக் கொட்டினாள்.

தம்பி பொண்டாட்டி நேரே பார்லருக்குப் போனாள். ஆள் இல்லாத நேரம்.

"அண்ணி, அது பச்சைக் குழந்தை. நாளைக்கு ஸ்கூல்ல யாரு பக்கத்துல உக்கார விடுவாங்க? கொஞ்ச நாளாவது வாயை மூடிட்டு இருக்க முடியலியா உங்களால?"

ரேடியோ சீப்பில் சிக்கிய முடியை எடுத்துக்கொண்டே இருந்தாள்.

அன்றோடு ரெண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

சில நாள் கழித்து வாசலில் ஒரு பஸ் கண்டக்டர் அம்மா வந்து நின்றாள். பின்னால் ரேடியோ.

"உங்க அண்ணி என்கிட்ட மட்டும் உண்மையைச் சொன்னாங்க. என் பையனுக்கும் இதேதான். இப்ப காலேஜ் போறான். நேத்துகூட பைக் கேட்டு ஒரே ரகளை."

தம்பி பொண்டாட்டி அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"பொடி வாங்கிட்டீங்களாமே? நானும் வாங்கினவதான். ரத்தம் ஏத்துறதை நிறுத்தினேன். பிள்ளை செத்துப் பிழைச்சான். வேற என்ன குடுக்கறீங்க?"

"இரும்புச் சத்து டானிக். ரத்தம் ஊறும்னு போன்ல போட்டிருந்துது."

"டாக்டர் சொன்னாரா?"

"இல்ல."

"அப்ப நிறுத்துங்க. ரத்தம் ஏத்த ஏத்த உடம்புல இரும்பு மிஞ்சும். அதை வெளிய எடுக்கத்தான் பின்னாடி மருந்தே குடுப்பாங்க. போன்கிட்ட கேக்காதீங்கம்மா. இதை விளக்கிச் சொல்லவே ஆஸ்பத்திரியில ஆள் இருக்காங்க. நம்மள மாதிரி பெத்தவங்களும் அங்க மாசாமாசம் கூடுறோம். வாங்க."

போனார்கள். ஆலோசகர் அம்மா பொறுமையாக விளக்கினாள்.

"கேரியர்னா நோயாளி இல்ல. உங்க ரெண்டு பேர்கிட்டயும் பாதிப் பாதி ஒளிஞ்சு கிடந்துது. உங்களை ஒண்ணும் பண்ணல. ரெண்டு பாதியும் குழந்தைகிட்ட சேந்துடுச்சு. யாரும் செஞ்ச தப்பு இல்ல. அடுத்த குழந்தைன்னு நினைச்சா மட்டும் முன்னாடியே எங்ககிட்ட வந்துடுங்க."

தம்பி பெருமூச்சு விட்டான். வீட்டுக்கு வந்ததும் பொடி குப்பைக்குப் போனது. ரத்தம் ஏற்றியபின் குட்டி கட்டிலில் குதித்துத் திட்டு வாங்கியது. திட்டியவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனாலும் அண்ணி மேல் கோபம் போகவில்லை. நல்லது நடந்தது சரி. அதுக்காக ஊரெல்லாம் சொல்லலாமா?

ஒரு நாள் காலை, ரொட்டிக் கடையில் நீள வரிசை. தம்பி பொண்டாட்டி நடுவில் நின்றாள். கடைசியில் ரேடியோ வந்து சேர்ந்தாள்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "எல்லாரும் கொஞ்சம் வழி விடுங்கப்பா. அந்த அம்மா ரொம்ப நேரம் நிக்கக் கூடாது. உடம்புல ரத்தமே ஊறாதாம்."

தம்பி பொண்டாட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. முன்னால் நின்ற தையல்காரம்மா திரும்பினாள்.

"பாவம் உங்க நாத்தனார். எனக்கு இப்படி ஒரு நோய் வந்திருக்கு, இதே நோய் உள்ளவங்க யாராவது இருந்தா காட்டுங்கன்னு வீடு வீடா ஏறி இறங்கினாங்க. நல்லா பாத்துக்கங்கம்மா."

"குழந்தையைப் பத்தி ஒண்ணும் சொல்லலியா?"

"எந்தக் குழந்தையை?" என்றாள் தையல்காரம்மா.

தம்பி பொண்டாட்டி சட்டென்று பின்னால் திரும்பினாள்.

ரேடியோ அவளை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் சுவரில் ஒரு கையை ஊன்றி, வாயைத் திறந்து நன்றாக மூச்சு வாங்கி, மெல்ல மெல்ல நடந்து போய், வரிசைக்கெல்லாம் முதல் ஆளாகச் சுடச்சுட ரொட்டி வாங்கிக்கொண்டாள்.