ஐந்து பொத்தான் உறை

உல்லாசக் கப்பலின் மேல்தளத்தில் நண்பகல் வெயில் வெள்ளையாகக் கொதிக்கிறது. கம்பியோரம் நிற்கும் தையல்காரரின் மார்பில் புதிய வீடியோ கேமரா தொங்குகிறது, அவரே மழைக்கோட்டுத் துணியில் தைத்த உறைக்குள். உப்புக்காற்று நுழையக் கூடாதென்று ஐந்து பொத்தான்கள் வைத்திருக்கிறார். ஒவ்வொன்றும் காஜாவில் இறுகிக் கிடக்கிறது. எடுத்தவுடன் படம் பிடிக்கலாமென்று கேமராவை ஓடவிட்டுத்தான் மூடியிருக்கிறார். பதிவு ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு துணி வழியே மங்கலாகத் தெரிகிறது. வீட்டில் எழ முடியாமல் படுத்திருக்கும் மனைவியின் அக்காவுக்கு இந்தக் கடலைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். "ஏங்க, அங்க பாருங்க!" என்று மனைவி அவர் தோளைப் பற்றுகிறாள். பச்சை நீரைப் பிளந்து ஒரு திமிங்கிலம் எழுகிறது; எழுந்துகொண்டே இருக்கிறது. தளத்தில் அத்தனை பேச்சும் அடங்கிவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோக்கிற விரல்கள் முதல் பொத்தானிலேயே தடுமாறுகின்றன. "சீக்கிரம் கழட்டுங்களேன்!" "வந்தாத்தானே? நான் தச்சதாச்சே!" அவள் காதில் அது விழவில்லை. "அக்கா," என்கிறாள், பக்கத்தில் நிற்பவளிடம் சொல்வதுபோல. "நம்ம தெருவே எந்திரிச்சு நிக்குதுக்கா. வயிறெல்லாம் வெள்ளை, வரிவரியா. மேலேருந்து தண்ணி கொட்டுது. மூச்சு விடுதுக்கா, கேக்குதா?" திமிங்கிலம் மெதுவாகச் சாய்கிறது. சாரல் இருவர் முகத்திலும் தெறிக்கிறது. தையல்காரர் பொத்தானை விட்டுவிடுகிறார். மூடிய உறையை இரண்டு கைகளாலும் ஏந்தி, அவள் வாயருகே கொண்டுபோய்ப் பிடிக்கிறார்.