ஒரு ஏர் பெட்டைப் பற்றி

என் மனைவி படுத்திருந்த இடத்தில் படுத்தேன்.

கால்மாட்டில் தொங்கிய மோட்டாரைப் போட்டதும் ஏர் பெட் மெல்ல உப்பியது. முதுகுக்குக் கீழே காற்றுக் குழல்களில் ஒரு வரிசை எழுந்தது. அடுத்த வரிசை அமுங்கியது.

அவள் போன பிறகு அந்த மோட்டார் ஓடுவது இதுதான் முதல் தடவை.

காலையில் கீழ்வீட்டு ரெஜினா படியேறி வந்திருந்தாள். அவள் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனிப் படுக்கைதான். இதே போல ஒன்று வாங்க வேண்டும்.

"அண்ணாச்சி, மதினி இதப் பத்தி என்ன சொன்னாவ?"

நான் என்ன நினைக்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. எங்கள் காம்பவுண்டில் யாரும் கேட்டதில்லை.

"சாயங்காலம் சொல்லுதேம்மா" என்றேன்.

யார் வீட்டுக்கு எது வாங்குவதென்றாலும் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். என் மனைவி வாங்கி, புழங்கி, வாய் திறக்கும்வரை பொறுத்திருப்பார்கள்.

"ஒரு வெயில் பாக்கட்டும், ஒரு மழை பாக்கட்டும். பெறவு சொல்லுதேன்" என்பாள்.

பிறகு சொல்லுவாள்.

குக்கரைப் பற்றி: "விசிலு நல்லா அடிக்கு. பருப்புதான் வேகல."

வீடு துடைக்கும் மாப்பைப் பற்றி: "தரையத் தொடச்சு முடிக்கதுக்குள்ள இதக் குளுப்பாட்டியே இடுப்பு போயிரும்."

ஒரு நாள் குழாயடியில் ரெஜினா என்னைக் காட்டிக் கேட்டாள். "அண்ணாச்சி எப்படி மதினி?"

"எங்கப்பா பாத்து வாங்கினது. பில்லு இல்ல. மாத்த முடியாது."

குழாயடியே சிரித்தது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு நானும் சிரித்தேன்.

நல்ல பொருளையும் அவள் சும்மா விடமாட்டாள். "நல்லாருக்கு" என்பாள். உடனே பின்னால் ஒரு "ஆனா" வரும். அந்த ஆனாவுக்காகத்தான் எல்லாரும் காத்திருப்பார்கள்.

"காசு போடுதவ நம்ம வாயத்தான நம்புதா" என்பாள்.

இந்தப் படுக்கை மட்டும் நானாகப் போய் வாங்கியது. அவளைக் கேட்காமல் நான் வாங்கிய ஒரே பொருள். அப்போது அவளால் எழுந்து உட்காரவும் முடியவில்லை.

கடையில் ஒவ்வொன்றையும் கையால் அமுக்கிப் பார்த்தேன். வேறு எப்படிப் பார்ப்பதென்று தெரியவில்லை.

அவளைத் தூக்கி இதில் கிடத்திவிட்டுப் பக்கத்தில் நின்றேன்.

"எப்படி இருக்கு?"

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"நல்லாருக்கு."

காத்திருந்தேன்.

ஆனா வரவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அங்கேயே நின்று மகளுக்குப் போன் போட்டேன். படுத்திருந்தவள் காதுபடவே சொன்னேன்: "நான் வாங்கினத ஒங்கம்மா பாஸ் பண்ணிட்டா."



"அம்மாவா சொன்னா?" என்றாள் மகள்.

அதன் பிறகு தினமும் காலையில் கேட்டேன். தினமும் அதே பதில்.

இப்போது மின்விசிறி ஓடியும் முதுகு வேர்த்தது. மேலே போட்டிருந்த விரிப்பு சுருண்டு ஒதுங்கிவிட, ரப்பர் தோலில் ஒட்டிக்கொண்டது. அதன் வாடை தொண்டைவரை வந்தது. மோட்டாரின் முனகல் குழாய் வழியாக ஏறி காதெலும்புக்குள் உட்கார்ந்துகொண்டது. திரும்பிப் படுத்தேன். அந்தக் காதிலும் கேட்டது.

அவளால் திரும்பிப் படுக்க முடியாது.

கரண்ட் போனது.

தூத்துக்குடி வெயிலில் மத்தியானம் கரண்ட் போவது புதிதில்லை. அவள் இருந்தபோதும் போயிருக்கிறது. விசிறி மட்டையோடு ஓடி வருவேன். அவள் முகத்துக்கு வீசுவேன்.

காற்று மெல்ல இறங்கியது. கட்டில் பலகை முதலில் தோளில் தட்டியது. பிறகு இடுப்பில். பிறகு குதிகாலில்.

நான் எழுந்துவிடலாம்.

எழவில்லை. கரண்ட் வரும்வரை கிடந்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் கீழே இறங்கிப் போனேன். உள்ளே ரெஜினாவின் மாமியார் முனகிக்கொண்டிருந்தாள். ரெஜினா கையைச் சேலையில் துடைத்தபடி வாசலுக்கு வந்தாள்.

"அந்த மாதிரி வேண்டாம்மா. உடம்பெல்லாம் வேர்க்கும். கரண்ட் போனா காத்து நிக்காது, பலகை இடிக்கும். மோட்டார் சத்தம் காத விட்டுப் போவாது. கூடக் கொறச்ச ஆனாலும் வேற பாரு. என்னத்த வாங்கினாலும் மேல பழைய நூல்சேலைய நாலா மடிச்சுப் போடு."

என் மனைவி சொல்லும்போது கேட்பதைப் போலவே ரெஜினா தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டாள்.

"மதினி சொன்னாவளா?"

"ஆமா."

ரெஜினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது.

"அண்ணாச்சி ஆசையா வாங்கினதுன்னுகூட பாக்கலியே அவிய."

"அவ அதெல்லாம் பாக்க மாட்டா" என்றேன்.