கோடு நேராகத்தான் இருந்தது

"கையெழுத்துப் போடாதீங்க சார். மெஷின் தப்பாச் சொல்லுது."

தடய அறிவியல் ஆய்வகத்தின் தலைவருக்குச் சுர்ரென்று ஏறியது. எதிரே நின்றவள் அவரிடம் வேலை பார்க்கும் வேதியியல் நிபுணர். தடித்த கண்ணாடியால் ஆய்வகம் முழுக்க அவளுக்குக் 'கண்ணாடியம்மா' என்றே பெயர்.

புருஷனுக்குத் தூக்க மருந்தை அள்ளிக் கொடுத்துக் கொன்றதாக ஒருத்தி மேல் வழக்கு. இறந்தவன் ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருந்தது என்ற அறிக்கை நாளைக் காலை கோர்ட்டுக்குப் போக வேண்டும். ரத்தத்தில் கலந்த மருந்தைப் பிரித்து அளக்கும் குரோமட்டோகிராஃப் மெஷினின் கம்ப்யூட்டர் நாற்பது என்று காட்டியிருந்தது. ஆளைத் தீர்த்துக்கட்டப் போதும் போதும் என்கிற அளவு.

இந்த வழக்கு கண்ணாடியம்மாவின் மேஜைக்கே வரவில்லை. "எனக்கு வேண்டாம் சார்" என்று அவளாகவே ஒதுங்கிக்கொண்டாள். மாற்றலாகி வந்து மூன்றே வாரமான தலைவரும் காரணத்தைக் கிண்டிக் கேட்கவில்லை. ஆனால் நேற்று கோர்ட்டு வராந்தாவில், ஜாமீனில் இருக்கும் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு இவள் அழுததை அவர் கண்ணாலேயே பார்த்தார். அதுதான் உறுத்தியது.

"அளவு தெரிஞ்ச அஞ்சு குப்பியை ஓட்டி நானே மெஷினுக்கு அளவு பழக்கி கேலிபரேஷன் போட்டேன். அஞ்சு புள்ளியும் ஸ்கேல் வச்ச மாதிரி ஒரே கோட்டுல உக்காந்திருக்கு. இதுக்கு மேல என்னம்மா வேணும்?"

"கோடு நேராத்தான் சார் இருக்கு. ஆனா நாற்பதுன்னா, மருந்தைக் காட்டுற இந்தக் கூர்முனை, இந்த பீக், திரையோட உச்சியை முட்டிக்கிட்டு நிக்கணும். இது தரையோட தரையா கிடக்கு."

"செத்தவனுக்காகக் கேக்க இங்க ஒரு நாதியில்ல. அவனுக்கு மிச்சம் இந்த நம்பர்தான். அதையும் மாத்தணுமா?"

அவள் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் இடத்தைவிட்டு நகரவில்லை.

"நான் மெஷினைத் தொடவே மாட்டேன் சார். நீங்களே இன்னொரு தடவை பாருங்க."

அவள் வாயை அடைக்கத்தான் அவர் உட்கார்ந்தார். குப்பிகளை நிரப்பிய மருந்துப் புட்டியின் லேபிளைப் படித்தவர் மறுபடியும் ஒரு தடவை படித்தார். போன வாரம் வந்த புதுப் புட்டி அது. வீரியம் பழையதில் பத்தில் ஒரு பங்குதான். கம்ப்யூட்டரிலோ பழைய புட்டியின் அளவுகளே இருந்தன. மாற்ற மறந்தவர் சாட்சாத் அவரேதான். ஐந்து புள்ளிகளும் ஒரே விகிதத்தில் தப்பாகிப் போனதால் கோடு மட்டும் அம்சமாக வந்திருக்கிறது.

அளவுகளைத் திருத்திவிட்டு பட்டனைத் தட்டினார். நான்கு. டாக்டர் சொன்னபடி ஒரே ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கிறவன் ரத்தத்தில் இருக்கும் அளவு.

இருபத்திரண்டு வருஷ அனுபவம் எங்கே போனதோ! ஒரு கையெழுத்தில் ஒருத்தியின் வாழ்க்கை முடிந்திருக்கும்.

"தப்பு என்னுதுதாம்மா, ஒத்துக்கறேன்" என்றார். குரல் இறங்கியிருந்தாலும் சந்தேகம் மட்டும் இறங்கவில்லை. "ஆனா கேக்காம இருக்க முடியல. இந்தக் கேசுல உங்களுக்கு என்ன சம்பந்தம்?"

கண்ணாடியம்மா கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

"செத்துப்போனது என் கூடப்பிறந்த அண்ணன் சார்."