மகளின் இயர்பட்ஸ்

புதுவாயல் டீக்கடையில் மாலை வெயில் கண்ணாடித் தம்ளர்களில் மினுங்குகிறது. இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் இரைச்சலில் காதைப் பறிகொடுத்த நாகமுத்து, மகளின் வெள்ளை இயர்பட்ஸை மாட்டிக்கொண்டு பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருக்கிறார். பேச்சை வாங்கி அவர் காதுக்கு அனுப்பவேண்டிய செல்போன், நாலடி தள்ளி நிற்கும் மனைவி அங்காளம்மாளின் கையில், வாயருகே இருக்கிறது. அவள் குரலை அவர் கேட்டு வருஷக்கணக்காகிறது. "இன்னாயா, கேக்குதா?" அதற்குள் ஒரு லாரி அலறிக்கொண்டு கடக்கிறது. பட்டறையில் பேசிப் பழகிய விரல்களால் இல்லை என்கிறார். அவள் முகத்தைத் திருப்பி, எப்போதும்போல் வாய்க்குள் முணுமுணுக்கிறாள். "செவிட்டுப் பொணம். கெட்ட கேட்டுக்கு டீ வேற." நாகமுத்து துள்ளி எழுகிறார். பாதி டீ பேண்ட்டில் கொட்டுகிறது. "யாருடி செவிட்டுப் பொணம்?" கடையே திரும்பிப் பார்க்கிறது. அங்காளம்மாள் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். "போனைக் கீழ எறக்காத," என்கிறார் அவர். "இன்னொரு தபா திட்டு."