துருவக் கடிகாரத்தின் எண்

பிற்பகல் வெயில் கடிகாரப் பழுதுபார்ப்பவரின் மேசைமீது சாய்ந்து விழுகிறது. தென்துருவக் கப்பற்பயணம் ஒன்றின் நினைவாக, அதில் சென்றோருக்கென எண்ணிட்டு எண்பது கடிகாரங்களே செய்யப்பட்டன. தம்பியுடன் வந்த அக்காள் கொணர்ந்திருக்கும், மறைந்த தந்தையின் கடிகாரத்திலோ தொண்ணூற்றொன்பது என்னும் எண். போலியென்று மூன்று கடைக்காரர்கள் கைவிரித்துவிட்டனர். "அப்பா கப்பல்ல சமைச்சாராம்க்கா. வீட்டுல வெந்நீர்கூட வெச்சதில்ல," என்று தம்பி சிரிக்கிறான். அவள், கடிகாரம் பெற்றவர்களின் பழைய பட்டியலை விரித்து வைக்கிறாள். பழுதுபார்ப்பவர் உருப்பெருக்கியைக் கண்ணில் பொருத்திப் பின்மூடியை உற்றுநோக்குகிறார். "ஓரத்துல கடுகளவு முத்திரை இருக்கும்மா. அதுல பென்குவின் தலைகீழா நிக்குது. நம்பரையும் தலைகீழாத் திருப்பிப் படிங்க." அறுபத்தாறு. அவளது விரல் பட்டியலில் அவ்வெண்ணைத் தேடி இறங்குகிறது: கப்பல் சமையற்காரர்; அருகே தந்தையின் கையெழுத்து. அவள் பட்டியலைத் தம்பியின் பக்கம் நகர்த்துகிறாள். "சத்தமாப் படிடா." அவன் எழுந்து நின்று படிக்கிறான்.