ஒரே போடு

தொண்ணூற்றேழு வயது அப்பா கோடாலியை ஓங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் வில்பெர்ட்டுக்கு ரத்தம் கொதித்தது. காரை வேலியோரம் நிறுத்திவிட்டு ஓடினான்.

"அப்பா! கீழ வைங்க அதை!"

செகுந்தினோ காதில் வாங்கவில்லை. ஒரே போடு. கட்டை இரண்டாகப் பிளந்து விழுந்தது.

"பாத்தியாடா? இந்த ஓஹாஞ்சா ஊர் முழுக்கத் தேடு. என் வயசுல இப்படிப் பொளக்கிற ஒருத்தனைக் காட்டு!"

வில்பெர்ட் சமையலறைக்குள் பாய்ந்தான். அக்கா ஓடிலியா புகைக்கு நடுவில் சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அவன் குடியிருக்கும் சான் ஹோசே நகரத்திலிருந்து வாங்கி அனுப்பிய கேஸ் அடுப்பு மூலையில் கிடந்தது. அதன் மேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"ஏன்க்கா, உனக்கு மனசாட்சியே இல்லையா? பெத்த அப்பனை விறகு வெட்ட விட்டுட்டு, அடுப்பைக் கோழிக்குக் குடுத்திருக்கே!"

"கோழிக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

"கிண்டல் வேறயா? ஊர்ல நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"பேசிட்டுத்தான் இருக்காங்க. கை கழுவிட்டு வா, பீன்ஸ் ஆறுது."

சாப்பிடும்போது வில்பெர்ட் முடிவாகச் சொல்லிவிட்டான்.

"அப்பா, நாளைக்கு என்கூட வர்றீங்க. லிஃப்ட் இருக்கு, டிவி இருக்கு, வேலைக்கு ஆள் இருக்கு. நீங்க ஒரு துரும்பைக்கூட நகர்த்த வேண்டாம்."

"நான் வந்துட்டா உங்க அக்காவை யாருடா பாத்துக்கறது?" என்றார் அப்பா, ரொட்டியைப் பீன்ஸில் தோய்த்தபடி.

வில்பெர்ட் சிரித்துவிட்டான். ஓடிலியா சிரிக்கவில்லை. அவள் கை தட்டில் அப்படியே நின்றுவிட்டது.

விடிவதற்கு முன் ஏதோ சத்தம் கேட்டு வில்பெர்ட் விழித்தான். டொக். சற்றுப் பொறுத்து இன்னொரு டொக். இந்த நேரத்திலும் அப்பாவை விரட்டுகிறாளா என்று ஆத்திரத்தோடு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போனான்.

அப்பா அங்கே இல்லை. டார்ச் வெளிச்சத்தில் ஓடிலியா ஒரு கட்டையில் ஆப்பை வைத்துச் சம்மட்டியால் தட்டிக்கொண்டிருந்தாள். விரிசல் விட்டதும் ஆப்பைப் பிடுங்கி, பிளவில் மண்ணைத் தேய்த்து மறைத்தாள்.

"அக்கா..."

"கத்தாதே! அப்பா எழுந்துடுவாரு."

"என்ன பண்றே நீ?"

"பொளக்காம விட்டா அவரால முடியாது. முழுசாப் பொளந்துட்டா அவருக்கு வேலை இல்லே. பாதியில நிறுத்தணும்." சம்மட்டியைக் கீழே வைத்தாள். "நீ அனுப்பின அடுப்புல ஒரு வாரம் சமைச்சேன்டா. விறகு வேண்டாம்னதும் மனுஷன் நாற்காலியில உக்காந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லே. சாப்பாடும் வேண்டாம்னுட்டாரு. பயந்துபோய்க் கோழியை ஏத்தி உக்கார வெச்சேன்."

வில்பெர்ட் அவள் கையைப் பிடித்துப் பார்த்தான். உள்ளங்கை முழுக்கக் காய்த்துப் போயிருந்தது. முந்தின நாள் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்து அவனுக்கு அழுகை முட்டியது.

"இதை ஏன்க்கா யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா அவரு பெருமை என்ன ஆறது?"

காலையில் அப்பா கோடாலியை எடுத்தார். குதிரையில் போன பக்கத்துத் தோட்டக்காரரைக் கூப்பிட்டு நிறுத்தி, அவர் பார்க்கப் பிளந்தார். ஒரே போடு.

"செகுந்தினோ ஐயா, உங்களை அடிச்சுக்க ஆள் கிடையாது!" என்று தொப்பியைத் தூக்கிவிட்டுப் போனார் அவர்.

வில்பெர்ட் விறகை அடுக்கிக் கொடுத்தான். "நீங்க இங்கேயே இருங்கப்பா. நான் ஒண்ணும் சொல்லல."

அப்பா சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். ஓடிலியா பானையோடு விறுவிறுவென்று கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"விரிசல் விட்ட கட்டையெல்லாம் உனக்குக் காட்டினாளா?"

வில்பெர்ட் திடுக்கிட்டான். "உங்களுக்குத் தெரியுமா?"

"விரிசல் விட்ட கட்டை கோடாலி பட்டதுமே சொல்லிடாதா? சின்ன வயசுலேருந்து இதைப் புடிச்ச கைடா."

"அப்போ தெரியாத மாதிரி ஏம்ப்பா நடிக்கிறீங்க?"

"எழுபத்திரண்டு வயசாச்சு அவளுக்கு. நீ அந்த அடுப்பை அனுப்பினப்போ முட்டி வலின்னு கைத்தடியோட நடந்தா, ஞாபகம் இருக்கா? இப்போ பாரு, சேவலுக்கு முன்னாடி எழுந்து சம்மட்டி அடிக்கிறா!"

பெருமை பொங்க மகள் போன திசையைப் பார்த்துக்கொண்டே அடுத்த கட்டையை நிமிர்த்தி வைத்தார்.

"நான் கோடாலியைக் கீழ வெச்சுட்டா, எம் பொண்ணு எப்படிடா நூறு வயசு இருப்பா?"