ஒன்பது மணி பஸ்

“அந்தக் கட்டத்துல மட்டும் டிக் போட்டுராத கண்ணு” என்று ஜீவிதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள் பெரியம்மாள்.

படிவத்தின் கடைசிக் கேள்வி அது: ‘நோயாளி நோக்கமின்றி வெளியே அலைகிறாரா?’ ஆம் என்று குறித்தால் அவள் புருஷன் காளிச்சாமியை ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்கள். மாத்திரையும் நின்றுபோகும்.

வல்லாரையும் வேறு சில மூலிகைகளும் சேர்த்த மாத்திரை மறதி நோய்க்குப் பலன் தருமா என்று பார்க்கிற ஆய்வு. பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்பது ஜீவிதாவுக்கே தெரியாது. மாதம் ஒருமுறை மீனாட்சிபுரத்துக்கு வந்து, காளிச்சாமியிடம் கேள்வி கேட்டு மார்க் போட்டுவிட்டுப் போவது அவள் வேலை.

“தினமுமா போறாரு?”

“ஆமா கண்ணு. உங்கிட்ட இத்தன நாளு மறைச்சுப்போட்டேன். சொசைட்டில பாலை ஊத்திப்போட்டு வந்து பாத்தா ஆளக் காணோம். வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டு, மஞ்சப்பையக் கக்கத்துல வெச்சுக்கிட்டு பஸ் ஸ்டாப்புல நிக்கறாரு. ஒம்பது மணிக்குப் பாலக்காடு பஸ்ஸு வரும். ஏற மாட்டாரு. அது போனதும் ஊட்டுக்குத் திரும்பிருவாரு. எட்டு மாசமா இதே கூத்து!”

“பையில என்ன வெச்சிருக்காரு?”

“என்னமோ பழைய காயிதம். தொட உட மாட்டாரு.” பெரியம்மாள் முழங்கையைப் பரபரவென்று சொறிந்துகொண்டாள். “மாட்டுக் கொட்டாயில ஒரே கொசு கண்ணு. ஒடம்பெல்லாம் அரிக்குது. குளுரு காச்சல் வேற வந்து வந்து போகுது.”

“டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

“எனக்கென்ன கேடு? நீ இவரைப் பாரு.”

ஜீவிதா அவரைப் பார்த்தாள். மழித்த முகம், படிய வாரிய தலை, மடிப்புக் கலையாத சட்டை. அவள் போய்வரும் இருபது வீடுகளில் ஒரு மாத்திரைகூடத் தவறாத வீடு இது ஒன்றுதான். மூன்று மாடுகளையும் பார்த்துக்கொண்டு இந்த மனுஷி இவரை எப்படித்தான் இப்படி வைத்திருக்கிறாளோ என்று ஒவ்வொரு முறையும் வியந்துபோவாள்.

“ஐயா, இது என்ன மாசம்?”

“மழ பேஞ்சா சொல்லலாமுங். பேய மாட்டீங்குதே.”

“இவங்க யாரு?” பெரியம்மாளைக் காட்டினாள்.

காளிச்சாமி உற்றுப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பேரு தெரியலீங். தங்கமான அம்மிணி. கட்டுன புருசனுக்குப் போடறாப்புல சோறு போடறாங்க. எந்த ஊரோ, பாவம்.”

“நாப்பத்திரண்டு வருசமா இதே ஊருதானுங்க!” என்று பெரியம்மாள் சிரித்தாள். சிரிப்பு முடியும்போது முந்தானை கண்ணுக்குப் போயிருந்தது.

மீதி மூன்றையும் கேட்டாள். ஐந்து கேள்விக்கும் பூஜ்யம். கடைசிக் கட்டத்துக்கு வந்த பேனாவை ஜீவிதா அப்படியே மூடிவைத்தாள். முதலில் ரத்தம் எடுத்துவிடலாம். மூலிகை கல்லீரலைக் கெடுக்கிறதா என்று பார்க்க இந்த மாதம் ஒரு பரிசோதனை இருந்தது. அதற்காகக் கொண்டுவந்திருந்த வெள்ளைக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

கோட்டைக் கண்டதுதான் தாமதம், காளிச்சாமி எழுந்து நின்றுவிட்டார். யாரையும் தொடவிடாத பையைத் தானே பிரித்து, நாலாக மடித்த ஒரு காகிதத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

“டாக்டரம்மா, நீங்களே ஊட்டுக்கு வந்தது நல்லதாப் போச்சுங். நானும் தெனமும் போயி நிக்கறேனுங். அவ வர மாட்டீங்கறா.”

ஜீவிதா பிரித்தாள். பாலக்காட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் டிஸ்சார்ஜ் சீட்டு. பித்தக் குழாயில் அடைத்திருந்த கல்லை வாய்வழியாகக் கருவி செலுத்தி எடுத்தாயிற்று. உள்ளே வைத்திருக்கும் பிளாஸ்டிக் குழாயை மூன்று மாதத்துக்குள் அவசியம் எடுத்துவிட வேண்டும் என்று எழுதி, அடியில் சிவப்புக் கோடு போட்டிருந்தது. வரச்சொன்ன தேதி போய் எட்டு மாதம் ஆகியிருந்தது.

நோயாளியின் பெயர்: பெரியம்மாள்.

நிமிர்ந்தாள். இத்தனை மாதத்தில் முதன்முறையாக அந்த அம்மாளின் கண்களைப் பார்த்தாள். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது.

பேனாவைத் திறந்து கடைசிக் கட்டத்தில் ‘இல்லை’ என்று குறித்தாள்.

“எங்கையிலதானுங் குடுத்தாரு அந்த டாக்டரு” என்றார் காளிச்சாமி. “அந்தம்மா மறந்துருவாங்க, நீங்க மறந்துராதீங்கன்னு சொன்னாருங்.”